மாதா படத்து ஆணி

கோவில்பத்து,
1977, தவக்காலம்

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கேட்ட போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். புடவையை ஏன் இப்படி இழுத்துப் போர்த்தியிருக்கிறாய் என்று கேட்பீர்கள். ஸ்டுடியோவில் குளிராக இருந்தது என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் டெய்சி அக்கா அடுத்த வாரம் பாரீசுக்கு வருகிறார். அவர் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

போன வருஷம் கஞ்சி வடிக்கும்போது பானை நழுவிக் கழுத்தில் கொட்டிவிட்டது. காயம் சீக்கிரமே ஆறிவிட்டதால் உங்களுக்கு எழுதவில்லை. பிறகுதான் தழும்பு தடிக்க ஆரம்பித்தது. காயம் படாத இடத்துக்கும் நண்டுக்கால் மாதிரி பரவுகிறது.

"அறுத்தா இன்னும் பெருசா வளரும்மா," என்கிறார் டாக்டர்.

தாலிச் சங்கிலி அதில் உரசினால் அரிப்பு தாங்க முடியவில்லை. கழற்றி மாதா படத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். கோயிலில் டெய்சி அக்கா பார்த்துவிட்டு, "என்னடி, கழுத்து மூளியா இருக்கு? அவரு நல்லாத்தானே இருக்காரு?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நீங்கள் வரும் தேதியை முன்னாலேயே எழுதுங்கள். அன்றைக்கு எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். உங்கள் எதிரில் சொறிய மாட்டேன்.

உங்கள் மனைவி