லொறிக்கு நாலு தேசிக்காய்

சின்னவளின் அப்பாவுக்கு,

கோபத்தில் கராஜிலேயே தங்கிவிட்டீர்கள், ஃபோனும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பழைய இராணுவ லொறியைப் புயல் துரத்துகிறவர்களுக்காக ஒரு வருடமாய் மாற்றிக் கட்டுகிறீர்கள். கூரையில் காற்றுமானி, கண்ணாடிக்கு ஆலங்கட்டி தாங்கும் கம்பிவலை என்றெல்லாம் சொன்னீர்கள். இன்னும் அதே இராணுவப் பச்சை நிறத்திலேயே இருக்கிறது என்று சொல்லவில்லை.

"வண்டிக்குப் பூசை, நாலு தேசிக்காயோடை லா சப்பல் கோயிலடிக்கு வா" என்றீர்கள். வந்து நின்றேன். லொறியை நிறுத்திப் பின்கதவை அறைந்து சாத்தினீர்கள். அந்தச் சத்தத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் ஓடி, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டேன். "சனத்துக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய்" என்று கத்தினீர்கள். உங்கள் கோபத்தில் பிழையில்லை.

நீங்கள் தொண்ணூற்றெட்டிலேயே நாட்டைவிட்டு இங்கே வந்தவர். நான் வன்னியில் சண்டை முடியும்வரை நின்றவள்.

"ஏனம்மா ஒளிச்சனாங்கள்?" என்று சின்னவள் விடாமல் கேட்கிறாள். தன் மாமாவை, என் தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் நான் முழுதாய்ச் சொன்னதில்லை.

வரும் கிழமை அதைப் புயலுக்குள் ஓட்டப்போவதும் நீங்கள்தானாம். நிறம் எதுவானாலும் இருக்கட்டும். பின்கதவு உள்ளேயிருந்தும் திறக்கும்படி பூட்டை மாற்றுங்கள். மாற்றியதும் தேசிக்காயை நானே சில்லுக்குக் கீழே வைக்கிறேன்.

தம்பியை ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டுபோன லொறிக்கு வெளியில் மட்டும்தான் பூட்டு இருந்தது.

சின்னவளின் அம்மா