எந்த மேட் போட்டீர்கள்?

மார்ச் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம். நீங்கள் போனை எடுப்பதில்லை; அதனால் இதைப் பாப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்க மாட்டாள், அந்த விஷயத்தில் என் பிள்ளை.

"அப்பா என் படகுக்கு ஒசத்தியான எபாக்சி ரெசின் ஊத்தியிருக்கார்மா" என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிகிறாள். பதினாறாம் தேதி பந்தயத்தில் அதைத்தான் ஓட்டப்போகிறாளாம். சந்தோஷம். ஒன்று மட்டும் சொல்லுங்கள். எந்த மேட் போட்டீர்கள்? பட்டறையில் சுருட்டி வைத்திருக்கும் பழைய கண்ணாடியிழை மேட்டா? அதில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பைண்டர் பசை, நீங்கள் வழக்கமாக ஊற்றும் பாலியஸ்டர் ரெசினில் கரையும், எபாக்சியில் கரையாது. கரையாவிட்டால் ரெசின் இழைக்குள் போகாது. மேலே பளபளக்கும், உள்ளே காய்ந்து கிடக்கும். அலையில் அடிபட்டால் பிளந்துவிடும். அப்படிப்பட்ட துண்டுகளை உடைத்துப் பார்ப்பதுதானே என் வேலை.

பாப்பாவின் அம்மா

மார்ச் 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

ஆய்வுக்கூடத்தில் உடைக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் என் தலையை அனுப்பட்டுமா? இங்கே கூரை ஒழுகுகிறது. புது ஆள் ரெசின் தேய்க்கும் ரோலரைக் கழுவாமல் போட்டான், கல்லாகிவிட்டது. படகுக்கு மஞ்சள் அடித்தாயிற்று. பாப்பா தடவித் தடவிப் பார்க்கிறாள். நான் கட்டிய படகு எது மூழ்கியது, சொல்.

பாப்பாவின் அப்பா

மார்ச் 8

நான் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. சேர்ந்திருந்தபோதும் இப்படித்தான். ஒன்று கேட்டால் ஊர்க்கதையெல்லாம் வரும். அவள் படகில் வெட்டிய மிச்சத் துண்டு ஒன்றை அனுப்புங்கள்.

மார்ச் 11

துண்டு அனுப்பியிருக்கிறேன். உள்ளங்கை அளவு போதுமல்லவா? வேளைக்குச் சாப்பிடு.

மார்ச் 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

துண்டு நன்றாகத் தாங்கியது. அறுக்கும்போது பாலியஸ்டர் வாடை மூக்கைத் துளைத்தது. எபாக்சியில் அந்த வாடை வராது. வேறு படகின் துண்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

நேற்றிலிருந்து எனக்கு எதிலும் கை ஓடவில்லை. அவளிடம் நான் சொன்னால், அப்பாவைக் குறை சொல்கிறேன் என்பாள். நீங்கள் சொல்லுங்கள். பதினைந்தாம் தேதிவரை பார்ப்பேன்.

பாப்பாவின் அம்மா

மார்ச் 14

பாப்பாவின் அம்மாவுக்கு,

பழைய மேட்தான். போடும்போதே வளைவில் படியாமல் விறைத்து நின்றது. நல்ல ரெசினாயிற்றே, அது பார்த்துக்கொள்ளும் என்று அமுக்கிவிட்டேன்.

காலையில் படகைக் கவிழ்த்து நடுவில் ரம்பம் வைத்தேன். உள்ளே வெள்ளைத் திட்டுகள். நகத்தால் கீறியதும் இழை பிரிந்து வந்தது. பாப்பா பக்கத்திலேயே நின்றாள்.

"நாளன்னைக்குப் பந்தயம், இப்பப் போய் அறுக்குறீங்களே" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "இது எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றாள். உன் குரல் அப்படியே. "மேட் போட்ட அன்னைக்கே" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். இந்தக் கடிதத்தை வாங்க மாட்டேன் என்றுவிட்டாள், தபாலில் போடுகிறேன். இது வருவதற்குள் அவள் உன்னிடம் வந்திருப்பாள்.

கூடவே ஒரு துண்டு வைத்திருக்கிறேன். அவள் படகுதான்.

பாப்பாவின் அப்பா