மாளுவுக்குப் பனி

பாறசாலை,
தை 28.

அன்புள்ள ரமணனுக்கு,

அம்மா எழுதுவது. மகாதேவர் அருளால் இங்கே நான் நலம். படி ஏறும்போது முழங்கால் மட்டும் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது, நான் அதற்குக் காது கொடுப்பதில்லை. நீயும் சுஜாவும் பிள்ளைகளும் அந்த டப்ளின் குளிரில் காது மூடித் தொப்பி போட்டு நலமாக இருக்கிறீர்கள் என்றே எண்ணிக்கொள்கிறேன். போன வாரம் கூப்பிட்டபோது சின்னவன் இருமினான். அந்த இருமல் நின்றதா என்று எழுது. தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்ததைத் தொடங்கிவிடுகிறாய், அதனால்தான் தாள் எடுத்தேன். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நீ கேட்ட கேள்வி இது: இந்தக் குதிரைக்காரர்களுக்கு வேறு வேலையே கிடையாதா. அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜெயச்சந்திரனை நேராகக் கூப்பிட்டு, சிவராத்திரிக்கு முன் தொழுவத்தைக் காலி செய்ய வேண்டும், அங்கே வாடகைக்கு அறைகள் கட்டப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். குதிரைக்காரர்கள் மூன்று பேரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. களியக்காவிளைப் பக்கம் லாரிகள் திரும்புகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், நிழலுக்கு ஒரு முருங்கைகூடக் கிடையாது. பிரசீதா வாய் தவறிச் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. அவர்களுடைய குதிரை மாளு அங்கே போவதா இங்கே இருப்பதா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். உன் அக்கா அஜிதா உனக்கு அனுப்பிய வீடியோவின் கதையையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் வாயசைப்பது தெரிகிறதே தவிர மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வேலையில் தொடங்குகிறேன். ஜெயச்சந்திரன் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நிலம் விற்க வாங்க ஆதாரம் எழுதுகிறவர். நம் பக்கத்தில் பாதி மனைகளின் எல்லை அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. விடியும் முன் வந்து மாளுவைத் தேய்த்துவிட்டு, குழாயடியில் கை கழுவி, வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போவார். ஆனாலும் வாடை போகாது போல, ஒரு கட்சிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆதாரத்தில் குதிரையையும் சேர்த்து எழுதிட்டியளா என்று கேட்டாராம். பிரசீதா காரக்கோணம் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். அவளுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், எந்த ஷிப்டாக இருந்தாலும் போகிற வழியிலோ வருகிற வழியிலோ ஸ்கூட்டரை நம் வாசலில் நிறுத்தாமல் போக மாட்டாள். தீபு மின்சார வாரியத்தில் லைன்மேன். காற்று அடித்துக் கம்பி அறுந்தால் எந்த நேரமும் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன்தான் மாளுவைப் பொழியூர்க் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளை ஏற்றி நடத்துகிறவன். வருஷா வருஷம் நடக்கிற மணல் குறையுது அம்மா, அடுத்தால குதிரைய வள்ளத்திலதான் ஏத்தணும் என்று சொல்லிச் சிரிப்பான். மூன்று பேரும் சேர்ந்து வாங்கிய ஒரே குதிரை அது. மூன்று பேருக்கும் சம்பளம் வருகிற வேலை உண்டு, அந்த வேலைக்கு முன்னும் பின்னும் மிச்சமிருக்கிற நேரம் முழுவதும் அவளுக்கு. இதற்கு மேல் என்ன வேலை வேண்டும் உனக்கு.

இப்போது நம் பக்கத்திலும் மாப்பிள்ளை குதிரையில் வருகிற வழக்கம் வந்துவிட்டது. அதியன்னூரில் ஒரு கல்யாணத்துக்கு மாளு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், ஆனால் உறுதி சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் செண்டை மேளம் போதும் என்று எண்ணம், மாப்பிள்ளைக்குக் குதிரைமேல் எண்ணம். கல்யாணத்தன்று காலையில்தான் சொல்வோம் என்றார்கள். அன்று விடியலில் ஜெயச்சந்திரன் வந்தபோது மாளு தலையைத் தொங்கப் போட்டு நின்றிருக்கிறாள். வைத்த காணப்பயறைத் தொடவில்லை, காது அடுப்புப்போலச் சுடுகிறது. அவர் எனக்கு வாசலில் சத்தம் கொடுத்தார்: "சுந்தரியக்கா, மாளுவுக்குப் பனி உண்டு. தீபுக்கு மெசேஜ் போட்டாச்சு, அவன் ராத்திரி டியூட்டி முடிஞ்சு இப்பம் வருவான், மிருக டாக்டரக் கூட்டிட்டு வந்திருவான்." பதிலுக்குத் தீபு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் நிம்மதியாக ஆபீசுக்குப் போனார். நானும் தீபு வருகிறானே என்று, முன்பே நாள் குறித்திருந்த கண் டாக்டரைப் பார்க்க நெய்யாற்றின்கரைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் தொழுவத்தில் மாளு இல்லை. டாக்டரிடம்தான் கொண்டுபோயிருக்கிறான் என்று ஒரு நிமிஷம் எண்ணினேன். பிறகு மூலையில் ஜரிகைத் துணியும் நெற்றிச்சுட்டியும் வைக்கிற தகரப் பெட்டி திறந்து காலியாகக் கிடப்பதைக் கண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு நெற்றிச்சுட்டி எதற்கு. தீபுவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஜெயச்சந்திரன் பதிவு நடக்கிற அறைக்குள் இருந்தார், போன் அணைந்திருந்தது. என்னைக் கொண்டுவந்து விட்ட சோமனின் ஆட்டோ இன்னும் தெருமுக்கில்தான் நின்றது. அதியன்னூருக்கு விடு என்றேன். கண்ணில் மருந்து விட்டிருக்கு, வெயில் பாத்துக்கிடாதிய என்று சோமன் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான்.

மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்வலத்தைப் பிடித்துவிட்டோம். மேளம், வெடி, வெயில், நடுவில் மாளு, மேலே தலைப்பாகையோடு மாப்பிள்ளை. அவளுடைய வாயில் நுரை, முன்கால் தடுமாறுகிறது, பூவும் ஜரிகையும் அதை மறைக்கின்றன. தீபு கயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நடக்கிறான். நான் போய்க் குதிரைக்கு எதிரே நின்றேன். நீ பார்த்த வீடியோ இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பெண், "எம்மா, மாப்பிள வாற வழியில தாலியில்லாத ஆளு குறுக்க வந்து நிக்கியளே, ஒரு இது வேண்டாமா" என்றாள். மாப்பிள்ளையை இறக்குங்கள், அதற்குப் பனியாக்கும் என்று நான் தீபுவைப் பார்த்துச் சொன்னேன். அதற்கு அந்தத் தாய்மாமன், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, "பணிதானே, பணிக்குத்தானே கூப்பிட்டோம், வழி விடுங்க" என்று கத்தினார்.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது நீ விளக்கு. நம் ஊரில் பனி என்றால் காய்ச்சல், பணி என்றால் வேலை. தீபுவின் முகம் அந்த இடத்தில்தான் மாறியது. உள்ளங்கையை மாளுவின் கழுத்தில் வைத்தான், மறு கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்த மெசேஜைத் திரும்பப் பார்த்தான். ஜெயச்சந்திரன் அதை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். மாளுவுக்கு, அடுத்து பி, ஏ, என், ஐ, அதற்கப்புறம் உண்டு, வேகம் வரணும். டாக்டர் என்கிற சொல்லே அதில் இல்லை, அது தீபுவுக்குச் சொல்லாமலே தெரியும் என்று விட்டிருக்கிறார். கல்யாணக்காரர்கள் உறுதி சொல்லிவிட்டார்கள் என்றுதான் தீபு அதைப் படித்தான். வழியிலிருந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வாறோம் என்று சொல்லியிருக்கிறான், மாப்பிள்ளையும் மாமன்தான் மனம் மாறிவிட்டார் போல என்று எண்ணிச் சந்தோஷமாக வாருங்கள் என்றிருக்கிறான். இரவெல்லாம் கம்பத்தில் ஏறி இறங்கியவனுக்கு மாளு சோர்ந்து நின்றது தூக்கக் கலக்கமாகத்தான் தெரிந்திருக்கிறது. "அம்மா, நான் பணின்னாக்கும் வாசிச்சேன்" என்றான்.

மாமன் விடவில்லை. "நாலு சுவடு போனா மண்டபம், அதுக்குள்ள என்ன வந்திரும், இறங்கினா சகுனம் கெடும்" என்றார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வீடியோவில் கேட்காதது இதுதான். "உமக்குக் காய்ச்சல் வந்தால் உம்முடைய முதுகில் ஒருவனை ஏற்றி மேளம் அடிப்பார்களா? சகுனம் என்னால் கெட்டதாகவே இருக்கட்டும், அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். பிள்ளையை இறக்கும்." மாப்பிள்ளை அதற்குள் தானாகவே சறுக்கி இறங்கிவிட்டான். நல்ல பையன். குதிரையின் காதைத் தொட்டுப் பார்த்து, "அய்யோ மாமா, இது பொள்ளுது" என்றான். பிறகு சோமனின் ஆட்டோவில் தலைப்பாகை இடிக்காமல் குனிந்து ஏறிக்கொண்டான். சோமன் மாளுவின் மாலையைக் கழற்றி ஆட்டோவின் முன்னால் கட்டினான், எலே நானும் குதிரைதாம்லே, மூணு கால் குதிரை என்று மேளக்காரர்களைப் பார்த்துக் கூவினான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோமனுக்குப் பக்கத்தில் தொற்றி உட்கார்ந்தார். குறுக்கே நிற்கிறியளே என்று கேட்ட அந்தப் பெண்தான் எங்கிருந்தோ ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து மாளுவின் முன் வைத்தாள்.

தீபு அவளை ஏற்றி வந்திருந்த பிக்கப் வண்டியிலேயே மெல்ல ஓட்டி அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டரம்மா வந்து ஊசி போட்டாள், இன்னும் கொஞ்ச தூரம் வெயிலில் நடந்திருந்தால் நெஞ்சு தாங்கியிருக்காது என்றாள். பிரசீதா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, லீவு சொல்லிவிட்டு, ஈரச் சாக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். ஜெயச்சந்திரன் விஷயம் கேட்டதும் தொழுவத்து வாசலில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். மேற்கே வாய்க்கால் கிழக்கே வழி என்று ஒரு வயல் கண்டத்துக்கு நான்கு எல்லையும் பிசகாமல் எழுதுகிறவர் நீங்கள், ஒரு குதிரைக்கு இரண்டு சொல் எழுத முடியவில்லையா என்று கேட்டேன். அது சரியல்ல என்று சொன்ன பிறகுதான் தோன்றியது, மனிதர் ஏற்கனவே அழுகிற நிலையில் இருந்தார். ஆங்கிலத்தில் ஒரே 'என்'தான் அக்கா உண்டு, நான் என்ன செய்ய என்றார். அதில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் எனக்கு ஆங்கிலம் நன்றாகவே கற்றுத் தந்தார்கள், நம் சொல்லை அந்த எழுத்தில் எழுதச் சொல்லித் தரவில்லை. இப்போது அவர்கள் மூன்று பேருக்கும் நான் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன், தமிழில் எழுது, மலையாளத்தில் எழுது, இல்லாவிட்டால் கூப்பிட்டுச் சொல்.

மாளு இப்போது நன்றாகிவிட்டாள். ஊறவைத்த காணத்தை முதலில் என் கையிலிருந்துதான் தின்றாள், தீபுவுக்கு அதில் கொஞ்சம் பொறாமை. அன்றைக்குத்தான் பிரசீதா சந்தோஷத்தில், "இனி இவளக் களியக்காவிளைக்கு நடத்தியே கொண்டு போவலாம், ரமணன் அண்ணன் சொன்ன தேதிக்கு முந்தி" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். காய்ச்சலில் கிடக்கிற மிருகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போக வேண்டிய நாளையும் எண்ணிக்கொண்டு, எனக்கு வருத்தம் வரக்கூடாதென்று மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். உன் பெயரைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வரவில்லை, அதையும் தெரிந்துகொள்.

இப்போது என் பதில். நீ அறை கட்டுவதானால் கிழக்குப் பக்கம் கிணற்றுக்கு அப்பால் இடம் இருக்கிறது, வந்து பார்த்துப் பேசு, நான் தடை சொல்ல மாட்டேன். தொழுவம் மாளுவுக்கு. அவர்கள் எனக்குத் துணையாக இருக்கிறார்கள் என்று எழுத மாட்டேன், துணை வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. விடியலில் வாளிச் சத்தம் கேட்டு எழுந்து காப்பி போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். தொழுவத்தை அவர்கள் எப்படித் துப்புரவாக வைத்திருக்கிறார்கள் என்று வந்து பார், உன் கல்லூரி விடுதி அறையை நான் பார்த்திருக்கிறேன். உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றாயே, சொல்லட்டும். காந்திமதிநாதனின் மனைவி கல்யாண ஊர்வலத்தை நிறுத்தினாள் என்றுதானே சொல்வார்கள், அது உண்மைதான். கல்யாணப் பெண்ணின் அம்மா மறுநாள் ஒரு தூக்குவாளி அடைப்பிரதமன் கொடுத்தனுப்பினாள். இனிப்பு கொஞ்சம் தூக்கல், தேங்காய்ப்பால் நல்ல கெட்டி.

இருந்துகொள்ளுங்கள் என்று நானே அவர்களிடம் சொல்லிவிடலாம், என் சொல்லுக்கு இந்த வீட்டில் இன்னும் மதிப்பு உண்டு. ஆனால் போகச் சொன்னது நீ, இருக்கச் சொல்ல வேண்டியதும் நீதான். அதனால் இன்னும் நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் நேற்றும் கொட்டகைக்காரனைப் பார்க்கப் போயிருந்தார்கள், மாளு ஒன்றும் தெரியாமல் காணம் தின்றுகொண்டிருந்தாள்.

சுஜாவிடம், தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்த வேண்டாம் என்று சொல். பிள்ளைகள் தமிழில் கையெழுத்துப் போடப் பழகினார்களா என்று எழுது. மகாதேவர் உங்கள் எல்லோருக்கும் நல்ல உடம்பும் நிறைந்த மனமும் தரட்டும், உன் கோபத்தையும் கொஞ்சம் குறைக்கட்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே ஜெயச்சந்திரனைக் கூப்பிடு, காலை நேரத்தில் கூப்பிட்டால் மூன்று பேரும் தொழுவத்தில் இருப்பார்கள். எழுதி அனுப்பாதே. வாயால் சொல்.

ஆசிகளுடன்
உன் அம்மா,
கா. கல்யாணசுந்தரி