தண்ணீர் தெளியப் பத்தொன்பது நாள்

4 நவம்பர் 2025, செவ்வாய்

மீன் வாங்கக் கீழே இறங்கினேன். லிஃப்ட் பக்கத்தில் புது நோட்டீஸ். 23ஆம் தேதி ஞாயிறு, குடியிருப்பாளர் பொதுக்கூட்டம். மூன்றாவது விஷயம்: நீச்சல் குளத்தை மண் போட்டு மூடிவிட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். ஓட்டெடுப்பு உண்டு.

மீன் வாங்காமலே மேலே வந்துவிட்டேன்.

குளத்தைப் பூட்டிப் பதினோரு நாள் ஆகிறது. பராமரிக்க வந்தவன் தீபாவளிக்கு முன்பே வருவதை நிறுத்திவிட்டான். தினமும் சாயந்திரம் மழை வேறு. பண்டான் இலையை அரைத்து ஊற்றியதுபோல் பச்சையாகக் கிடக்கிறது தண்ணீர். இரண்டாவது படி கண்ணுக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரரும் பதினோரு நாளாக நடக்கவில்லை. ரயில் ஓட்டிய மனுஷன். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து வலது கால் விழுந்ததிலிருந்து தரையில் என் கையை விட்டு ஒரு அடி வைத்ததில்லை. தெரப்பிக்கு இரண்டு தடவை கூட்டிப் போனேன். இரண்டாம் தடவை எல்லோர் முன்னாலும் விழுந்துவிட்டார். இனி வரமாட்டேன் என்று முடித்துக்கொண்டார். கீழே இருக்கும் இந்தக் குளம்தான் மிச்சம். ஜூனில் இறக்கிவிட்டேன். செப்டம்பரில் ஒரு நாள், இடுப்பளவுத் தண்ணீரில், அவரே என் கையை விட்டார். ஏழு அடி. எண்ணினேன்.

அதைப் போய் மூடுகிறார்களாம்.

5 நவம்பர்

விநாயகமூர்த்தி சாரைப் பார்த்தேன். குடியிருப்பாளர் சங்கத் தலைவர். நம் மாடியிலேயே கடைசி வீடு. அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், வீட்டிலும் ஃபைலோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

"மிஸஸ் பரம், அந்தத் தண்ணியில டெங்கிக் கொசு வந்தால் ஆர் பொறுப்பு?"

நான் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்றேன்.

"நீங்களோ?" என்று சிரித்தார்.

"இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல் லேப்ல அசிட் கலந்து கொடுத்தவ சார் நான்."

சாவியைக் கொடுத்துவிட்டார். கூட்டத்தன்று காலை குளத்தின் அடி தெரிந்தால் எனக்குப் பத்து நிமிடம் பேச்சு. தெரியாவிட்டால் நான் வாயே திறக்கக் கூடாது. சரி என்று வந்தேன். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று உறைத்தது. வாய்க்கொழுப்பு எனக்கு.

6 நவம்பர்

காப்பார் சாலையில் ஷான் கடை. குளத்து மருந்தெல்லாம் விற்கிறான். எங்கள் பள்ளியில் படித்தவன்தான், இப்போது முன்தலை வழுக்கை.

சோதனைப் பெட்டி வாங்கி வந்து, அதிலிருந்த சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீர் எடுத்தேன். குளோரின் பார்க்கும் சொட்டு விட்டும் நிறமே மாறவில்லை, குளோரின் துளியும் இல்லை. பிஎச் எட்டுக்கு மேலே, கரும் ரோஸ். போன் பண்ணினேன்.

"ஆன்டி, முதல்ல அசிட் போட்டு பிஎச்ச இறக்குங்க. அது அவ்ளோ மேல இருந்தா குளோரின எவ்ளோ கொட்டினாலும் பாதிகூட வேலை செய்யாது லா."

எனக்குத் தெரியாதா? தெரியும். பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

8 நவம்பர்

வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் அசிட். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கத்திச் சொன்னது. பம்பை ஓடவிட்டு, குளத்தைச் சுற்றிச் சுற்றி ஊற்றினேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. சாயந்திரம் 7.4.

அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடி "ம்" என்றார்.

9 நவம்பர்

குளோரின் போட்டாயிற்று. வெயில் அதைத் தின்றுவிடும் என்று ஆறரை வரை காத்திருந்தேன். வாசல் காவலுக்கு இருக்கும் ஜாகா பாக் சமாட் வந்து எனக்குக் குடை பிடித்தார். மழை.

10 நவம்பர்

பச்சைதான்.

11 நவம்பர்

பச்சை போய்விட்டது! வெளுத்து, அரிசி கழுவின தண்ணீராக இருக்கிறது. பாசி செத்துவிட்டது. செத்ததை வடிகட்டி இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"அடி தெரியுதா?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி.

தெரியவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. நாளைக்குத் தெரியும் என்றேன்.

13 நவம்பர்

நேற்றும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அதே அரிசி கழுவின தண்ணீர்.

வடிகட்டி என்பது ஒரு பெரிய டாங்கி நிறைய மணல். தண்ணீர் அதற்குள் புகுந்து அழுக்கை விட்டுவிட்டு வர வேண்டும். அழுத்தம் காட்டும் முள் ஏறினால் தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவ வேண்டும். கழுவுகிறேன். இரண்டு மணி நேரத்தில் முள் மறுபடி சிவப்பில் நிற்கிறது. இன்று ஐந்து தடவை கழுவினேன்.

மேலே வந்து அவர் காலுக்கு வாதத் தைலம் தேய்த்தேன். மரக்கட்டை மாதிரி கிடக்கிறது. போன மாதம் இப்படி இல்லை, கட்டைவிரல் அசைந்தது.

"விட்டுடு குமுதா. உனக்கும் வயசாச்சு. நான் இப்படியே கிடந்துட்டுப் போறேன்."

கத்திவிட்டேன். என்னென்னவோ சொன்னேன். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

15 நவம்பர்

இன்று பி பிளாக் அமுதவள்ளியைப் பிடித்துக்கொண்டேன். தீபாவளி காலையில் அவள் பிள்ளைகள் மூன்றும் எண்ணெய்த் தலையோடு குளத்தில் குதித்ததை நானே பார்த்தேன். எண்ணெய் உள்ளே போனால் வடிகட்டி மணல் கெட்டுப்போகும் என்று யாருக்குத் தெரிகிறது?

"எண்ணெய் தேச்சா வீட்டுல சீயக்காய் போட்டு முழுகணும். ஊரு குளத்துலயா வந்து அலசுறது?" லிஃப்ட் வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"சின்னப் பிள்ளைங்க ஆன்டி, தெரியாம குதிச்சிட்டாங்க" என்றாள். நான் விடவில்லை.

அதோடு நிற்காமல் நோட்டீஸ் எழுதினேன், தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும். எண்ணெயோடு குளத்தில் இறங்குபவருக்கு மூன்று மாதத் தடை. விநாயகமூர்த்தி சாரிடம் கையெழுத்தும் வாங்கி ஒட்டினேன். எழுத்து அழகாக வந்திருந்தது. மனதுக்குத் திருப்தி.

17 நவம்பர்

படிகாரம் போட்டுப் பம்பை நிறுத்திவிட்டேன். தூசியெல்லாம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு கீழே உட்கார வேண்டும். ஷான் சொல்லும் கடைசி வழி இது.

18 நவம்பர்

காலை ஏழு மணிக்கு அடி தெரிந்தது. நீல ஓடு, ஒவ்வொன்றாக! படிந்த சேற்றைக் குழாய் போட்டு உறிஞ்சி சாக்கடைக்கு விட்டேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்து பால்கனி வரை தள்ளிவந்து காட்டினேன். பார்த்தார். கீழே போகச் சட்டை மாற்றிவிடச் சொன்னார்.

பம்பைப் போட்டேன். நாலு மணிக்கு மறுபடி பால் மாதிரி கலங்கிவிட்டது.

வாளியைத் தூக்கி எறிஞ்சேன். உடைஞ்சு போச்சு. போகட்டும். ஐந்து நாள்தான் இருக்கு. பிஎச் சரி. குளோரின் சரி. எல்லாம் சரியா இருந்தா ஏன் தெளிய மாட்டேங்குது? யாருகிட்ட போய்க் கேக்குறது நான்? பால்கனிக் கதவ அவரே சாத்தச் சொல்லிட்டாரு.

20 நவம்பர்

ஷான் வந்து வடிகட்டியின் தலையைக் கழற்றினான். தோள்வரை கையை விட்டு ஒரு பிடி மணல் எடுத்தான். உதிரவில்லை. கருப்பட்டி மாதிரி கட்டியாக வந்தது.

"எண்ணெய், ஆன்டி. தண்ணி மணலுக்குள்ள போகாம சந்து பிடிச்சுப் போயிட்டு அழுக்கோடயே வந்துடுது."

"நான் சொன்னேனில்ல? அந்தப் பிள்ளைங்க—"

"ஒரு நாள் எண்ணெய் இப்படி ஊறாது லா. இது மாசக்கணக்கு. மோந்து பாருங்க."

மோந்தேன். வாதத் தைலம்.

ஜூனிலிருந்து தினமும். தண்ணீரில் இறக்கும் முன்னால் உள்ளங்கை நிறையத் தைலம் ஊற்றி, இடுப்பிலிருந்து பாதம் வரை சூடு ஏறத் தேய்த்து, அப்படியே இறக்கிவிட்டவள் நான்தான். வாதக் காலில் குளிர் ஏறக் கூடாது, ஏறினால் நரம்பு இழுத்துக்கொள்ளும். நம் ஆட்களில் யார்தான் தைலம் இல்லாமல் இறக்குவார்கள்? பிரிக்ஃபீல்ட்ஸ் மருந்துக் கடையிலிருந்து புட்டி புட்டியாக வாங்கி வந்தேன். வீட்டில் இன்னும் இரண்டு புட்டி இருக்கிறது.

சோதனைக் குழாயில் ஒரு துளி பிசுக்கு இருந்தாலும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிக் கழுவவைத்த குமுதா டீச்சர். டீச்சர்கூட இல்லை, லேப் உதவியாளர். அதற்கே அந்த அதிகாரம்.

ஷானிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். என் நோட்டீஸ் லிஃப்ட் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. ஏறும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

21 நவம்பர்

நானும் ஷானும் பாக் சமாட்டும் சேர்ந்து பழைய மணலை அள்ளினோம். பாதிக்கு மேல் அரிசி அளக்கும் டின்னால் அள்ள வேண்டியிருந்தது. அடியில் இருக்கும் சின்னக் குழாய்கள் உடையாமலிருக்கப் பாதி டாங்கிக்குத் தண்ணீர் விட்டு, அதன்மேல் புது மணலைக் கொட்டினோம். பன்னிரண்டு மூட்டை. இடுப்பு விட்டுப்போயிற்று.

"இன்னிக்கு தைலம் இல்லியா?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

மறந்துவிட்டேன் என்றேன்.

22 நவம்பர்

தெளிந்துவிட்டது. ஆழமான பக்கம் அடியில் இருக்கும் சல்லடையின் ஓட்டைகளை எண்ணலாம். பாக் சமாட் கை தட்டினார்.

எண்ணெய் யாருடையது என்று நாளைக்குச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் என் நோட்டீஸே அவரைத் தடுக்கும், மூன்று மாதம். மூன்று மாதத்தில் அந்தக் கால் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஷானுக்குக்கூடத் தெரியாது. பேசாம இருந்துட்டா என்ன? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா எனக்கு?

23 நவம்பர், ஞாயிறு

மண்டபம் நிறைய ஆள். காலையில் எல்லோரும் குளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். விநாயகமூர்த்தி சார் என்னைப் பாராட்டிவிட்டு, இந்தக் கேட்டுக்கு யார் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும், நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள் என்றார்.

அமுதவள்ளி எழுந்தாள். இடுப்பில் சின்னவள். "இனி என் பிள்ளைங்க அந்தப் பக்கமே வராதுங்க சார். அதுக்காகக் குளத்த மூடிடாதீங்க. மத்த பிள்ளைங்களாவது நீந்தட்டும்."

பத்து நிமிடப் பேச்சைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். எடுக்கவே இல்லை. தைலம் நான் தேய்த்தது, அவள் பிள்ளைகள் மேல் தப்பில்லை, அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மூட வேண்டாம் என்று நாற்பத்தொன்று. மூடலாம் என்று முப்பத்தெட்டு.

கூட்டம் கலையும்போது சார் என்னிடம் வந்தார். "உங்கட நிலைமை விளங்குது, மிஸஸ் பரம். ஆனால் ரூல் எல்லாருக்கும் ஒன்றுதானே. மூன்று மாசம்."

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தைலம், நோட்டீஸ், அமுதவள்ளி, தடை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

குளத்தைக் காப்பாற்றிவிட்டேன். யாருக்காகக் காப்பாற்றினேன்?

24 நவம்பர்

சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். நானும் கெஞ்சவில்லை. தெம்பு இல்லை.

25 நவம்பர், செவ்வாய்

காலை மீன் வாங்கப் பாசாருக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்பினேன். கதவு திறந்து கிடக்குது. கட்டில் காலி. சக்கர நாற்காலி இடத்துலயே இருக்கு. பாத்ரூம்ல இல்ல. பால்கனிக்கு ஓடினேன், கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ பார்க்கப் பயந்து கண்ண மூடிட்டேன். அப்புறம் பார்த்தேன். ஒண்ணும் இல்ல.

போன் அடித்தது. விநாயகமூர்த்தி சார்.

"பதற வேண்டாம், மிஸஸ் பரம். உங்கட மனுஷன் இங்கதான் இருக்கிறார். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்திருக்கிறார். தேத்தண்ணி குடிக்கிறார்."

பின்னால் அவர் குரல் கேட்டது. "அவள வர வேணாம்னு சொல்லுங்க. வந்த மாதிரியே போயிடுவேன்."

வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பதினோரு கதவு. வெளியே வந்தார். இடது கை சுவரில். ஒரு அடி வைத்து நின்றார். வலது காலை இழுத்து இன்னொரு அடி. நாலாவது கதவில் செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ஓடிப் போய்ப் பிடிக்கக் கால் எழுந்தது. கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தைந்து நிமிடம். என்னைத் தாண்டித்தான் உள்ளே போய் உட்கார்ந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"நீ தேச்சாலும் கால் என்னுது. தடையப் பத்தி என்கிட்ட நேரா பேசுங்க, மாத்த முடியுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அவர் ஒருத்தரா மாத்த முடியாதாம். நாளைக்கு கமிட்டி கூடுதாம், அங்க வந்து கேளுங்கன்னார். ஆபீஸ் ரூம்ல, கீழ."

"நான் வந்து பேசுறேன்."

"நீ பேசினது போதும்" என்றார். கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "செருப்ப உள்ள எடுத்து வைக்காதே. நாளைக்கும் நானே நடந்து போறேன்."