செல்லாச்சி அடி வாங்க மாட்டாள்

ஜூன் 10, செவ்வாய்

விடியற்காலை முதல் மழை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் கணுக்கால் வரை தண்ணீர். செய்ய வேண்டியது: பல்லுக்குக் கறுப்பு மை. பூப்போட்ட சேலைக்குக் கரை தைக்க. வெள்ளவத்தையில் ரவிக்கை எடுக்க.

திங்கட்கிழமைப் படப்பிடிப்புக்கு ஸ்கிரிப்ட் வந்தது. ஐந்து வருடமாக சிங்கள டிவி நாடகத்தில் நான் செல்லாச்சி, ஒரு பெரிய வீட்டில் சமைக்கிற தமிழ் மனுசி. அவள் பேசுகிற உடைந்த சிங்களம்தான் சிரிப்பு. இந்த முறை சோதனைச் சாவடிக் காட்சி. கேள்வி விளங்காமல் உளறுகிறாள். ஆமிக்காரன் கன்னத்தில் அறைகிறான். சாக்கடைக் கானுக்குள் விழுகிறாள். ஸ்கிரிப்ட் ஓரத்தில் பேனையால், 'இங்கே பெரிய சிரிப்பு'.

மாட்டு வண்டி, மணவறை, மாமூட்டை என்று எதிலிருந்தும் விழுந்திருக்கிறேன். இது வேறு.

அக்கா ரீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நடிப்புத்தானே பிலோ. பேசாமச் செஞ்சிட்டு வா." வெங்காயம் உரித்தபடி, என்னைப் பார்க்காமல்.

ஜூன் 12, வியாழன்

வெயில். வெள்ளவத்தை. தையல் கடையால் வெளியே வர, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பொலிஸ். சுற்றிவளைப்பு. பெண்களை ஒரு லொட்ஜ் மதிலோரம் வரிசையாக நிறுத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, இருபது வயது இருக்கும். அந்த லொட்ஜில்தான் தங்கியிருக்கிறாள். அவளுடைய பொலிஸ் பதிவுத் துண்டு லொட்ஜ் முதலாளியிடம், முதலாளி வெளியே. சிங்களம் ஒரு சொல் வராது.

இன்ஸ்பெக்டர் என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார். "செல்லாச்சி அக்கே, டிவியில் பேசுகிற மாதிரி ரெண்டு வசனம் பேசுங்கள். பேசிவிட்டு நீங்கள் போகலாம்."

நல்ல சிங்களத்தில் சொன்னேன்: "நடிப்பு என் வேலை, மாத்தயா. இப்போது நான் வேலையில் இல்லை. இந்தப் பிள்ளை சொல்வதை நான் சிங்களத்தில் சொல்கிறேன், கேளுங்கள். இவளை விட்டபிறகு போகிறேன்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. இரண்டு மணித்தியாலம் வெயிலில். முழங்கால் வலி. முதலாளி துண்டோடு வந்த பிறகுதான் விட்டார்கள்.

காலி வீதியில் பிள்ளை கேட்டாள், "அக்கா, நீங்கள்தானே டிவியில வாறனீங்கள்? இவ்வளவு வடிவாச் சிங்களம் கதைக்கிறியள். அதில ஏன் தெரியாத மாதிரி?"

"அது நடிப்பு, பிள்ளை."

"ஓம். ஆனா அதைப் பாத்திட்டுத்தானே எங்களையும் அப்பிடிப் பாக்கினம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். கொச்சிக்கடையில் நடக்க இடமில்லை. மெழுகுதிரி ஏற்றினேன், ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நேற்றைய பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் மட்டும் வந்தன. பதினாறு வயதில் கோயில் மண்டப நாடகம். பிறகு ரேடியோ. நாலு தமிழ்ப் படம், நாலிலும் கதாநாயகியின் குண்டுத் தோழி. எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு படங்கள் நின்றன. செல்லாச்சி வந்தபோது வேறு வேடம் எவரும் தரவில்லை. எல்லாம் உண்மை. ஒன்றும் அவள் கேள்விக்குப் பதிலாகாது.

ஜூன் 16, திங்கள்

கொலன்னாவையில் படப்பிடிப்பு. டைரக்டரிடம் நேரே போனேன். "சேர், செல்லாச்சி அடி வாங்க மாட்டாள்."

"அக்கே, பகிடிதானே."

"யாருக்கு?"

நல்ல மனிதர். சிகரெட்டைத் தேடினார். ஆமிக்காரனாக வரும் சுனில் தலைகுனிந்து, "எனக்கும் அடிக்க விருப்பமில்லை, சேர்" என்றான். அதை எதிர்பார்க்கவில்லை.

என் யோசனையைச் சொன்னேன். செல்லாச்சி திடீரென்று புத்தகச் சிங்களம் பேசுகிறாள், மந்திரி மேடையில் பேசுகிற மாதிரி. ஆமிக்காரனுக்கு அரைவாசி விளங்கவில்லை. யாரோ பெரிய இடத்து அம்மா என்று நினைத்து சலூட் அடித்துப் பின்னால் நகர்ந்து, அவனே கானுக்குள். நடித்தும் காட்டினேன். லைட் பிடிப்பவர் ஏணியில் குலுங்கினார். டைரக்டரும் சிரித்துவிட்டு, "எடுப்போம்" என்றார். ஒரே டேக்.

ஜூன் 19, வியாழன்

மழை. டைரக்டரின் போன். மேலிடத்தில் பார்த்தார்களாம். ஆமியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாதாம். பழைய காட்சியை எடுக்க வரச் சொன்னார்கள்.

"வரமாட்டேன், சேர்."

"அப்படியென்றால் செல்லாச்சி ஊருக்குப் போய்விட்டாள் என்று முடிக்கச் சொல்கிறார்கள்."

"எந்த ஊருக்கு?"

"யாழ்ப்பாணம் என்று போடுவோமா?"

"நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில், சேர். அதையே போடுங்கள்."

போனை வைத்ததும் ரீற்றா கத்தினாள்: "அம்பது வயசில ஆரு உனக்கு வேலை குடுப்பான்?" பாத்திரம் எல்லாம் தேய்த்தேன். அழுகை வரவில்லை. பசி வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதரிடம் நாடகம் போடக் கோயில் மண்டபம் கேட்டேன். "என்ன நாடகம்?" சோதனைச் சாவடிக் காட்சியை அங்கேயே நடித்தேன். சிரித்தார், பிறகு பயந்தார், பிறகு சாவியைத் தந்தார். சுனிலுக்குப் போன். வருகிறானாம்.

ஜூன் 28, சனி

மூன்று மணிக் காட்சி. நாடகம் பாதி தமிழ், பாதி சிங்களம். துறைமுகத்து ஆட்கள், கிராண்ட்பாஸ் பக்கத்துப் பெண்கள், கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள். சுனில் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் என் அடுத்த வசனம் எனக்கே கேட்கவில்லை. காத்திருந்து சொன்னேன். ரீற்றா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முடிந்ததும் வாசலில் இரண்டு பொலிஸ்காரர். யார் அனுமதி தந்தது என்று கேட்டார்கள். ஃபாதர் முன்னுக்கு வந்தார். நான் அவரை விலக்கிக்கொண்டு முன்னே போய், "என் நாடகம், மாத்தயா. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், எந்த வசனம் பிழை என்று. முன்வரிசையில் இடம் இருக்கிறது" என்றேன்.

ஒருவர் உட்கார்ந்தார். மற்றவர் வாசலிலேயே நின்றார். நாலரைக்கு மறுபடி திரையைத் திறந்தோம், ஒரு வசனமும் குறைக்காமல்.