பிரேத அறை வாசலில் ஒரு சம்மதம்

மாமி, நேற்றுக் கண் காட்டப் போன ஆஸ்பத்திரியில் விறாந்தையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் மகன், என் கணவர், இறந்த காலை அப்படியே கண்முன் வந்து நின்றது.

உங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துணுக்காயில் வயல் செய்யத் தொடங்கியிருந்த காலம். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மலேரியா என்று நினைத்துக் குளிசை கொடுத்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சுருண்ட பிறகுதான் வண்டில் கட்டினோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திய சற்று நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. எனக்கு அழவும் பயமாக இருந்தது. மடியில் மகள் அதே காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தாள்.

டாக்குத்தர் என்னை அழைத்தார். உடலைத் திறந்து பார்த்தால் என்ன வருத்தம், எந்த நோய் என்று தெரியும், மகளுக்கு எந்த மருந்து என்றும் தெரியும் என்றார்.

“பொலிஸ் விசாரணை எண்டால் நீதவான்ரை கட்டளை போதும். இது வருத்தத்திலை வந்த சாவு. மனைவி நீங்கள் சம்மதிக்காமல் நான் கை வைக்கேலாது.”

நான் உங்களைப் பார்த்தேன்.

“வெட்டின உடம்பை எப்பிடிப் பிள்ளை குளிப்பாட்டுறது?” என்றீர்கள். வேண்டாம் என்றால் மகள் போய்விடுவாளோ, ஓம் என்றால் நீங்கள் என்னை வாழ்நாளெல்லாம் வெறுப்பீர்களோ என்று மகளை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

நீங்கள் பேத்தியின் நெற்றியைத் தொட்டீர்கள். பிறகு டாக்குத்தரிடம், முகத்தில் கை வைக்க மாட்டீர்களே, தைத்துத் தருவீர்களே என்று கேட்டீர்கள். அவர் தலையாட்டினார்.

“ஓமெண்டு சொல்லு பிள்ளை. பயம் போகட்டும் எண்டு நிண்டால் பிள்ளை போயிடும்.”

சொன்னேன். பினாயில் மணத்த பிரேத அறையின் கதவு சாத்தப்பட்டது. உள்ளே வாளி நகரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையை இறுக்கினீர்கள்.

குடலில் புண், ஒன்று ஓட்டையாகியிருந்தது, நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு என்று டாக்குத்தர் வந்து சொன்னார். அன்றே மகளுக்கு மருந்தை மாற்றினார். அவள் தேறி எழும்பி நடக்க நாளெடுத்தது.

வீட்டில் அவரை நீங்களே ஈரத்துணியால் துடைத்தீர்கள். தையலுக்கு வந்ததும் உங்கள் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அதையும் துடைத்தீர்கள். அதைப்பற்றி என்னை ஒரு சொல் சொன்னதில்லை, நீங்கள் சாகும்வரை.

மகளுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள். அவர்களில் ஒன்றுக்கு மேல் சுட்டாலும் என் கை நடுங்குகிறது, மாமி. நடுங்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன்.