கொன்பரன்ஸ் கரோலின்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
ஒக்டோபர் 14

அன்புள்ள மாக்கஸ் அண்ணாவுக்கு,

நான் சுகம் என்று தொடங்குவதுதான் முறை, அதனால் சுகம். உங்களுக்கும் எமில்டா மச்சாளுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். இதே நகரத்தில், ரூஜில் இருக்கும் சொந்த அண்ணனுக்கு வெக்ஸ்போர்ட்டிலிருந்து முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை. வாசலுக்கு வந்தால் மச்சாள் திரைச்சீலையை இழுத்துவிடுகிறார். வேறு வழி தெரியவில்லை.

முதலில் உங்களுக்குச் சந்தோஷமான செய்தி. எங்கள் விளையாட்டு அமைப்பின் பணிப்பாளர் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. போன கிழமை கல்லூரிகளின் விளையாட்டுப் பொறுப்பாளர்கள் கூடி வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டார்கள். பதவிக்காக மருமகனை விற்றவள் என்று கோயில் வாசலில் நின்று சொன்னீர்களாம். விற்றது உண்மையென்றால் விலையாவது கைக்கு வந்திருக்க வேண்டாமா?

அந்தக் கோயிலில் எனக்கு வைத்த கொன்பரன்ஸ் கரோலின் என்ற பட்டப்பெயரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. கல்லூரிகளுக்கிடையே போட்டி நடத்தும் எங்கள் அமைப்புக்குக் கொன்பரன்ஸ் என்று பெயர். நம் கோயில் பங்கிலோ கொன்பரன்ஸ் என்றால் ஏழைகளுக்கு உதவுகிற வின்சன் டி போல் சபை. பழைய மெத்தை கிடக்குது, உங்கட ஆக்கள் வந்து எடுப்பினமோ என்று அமிர்தநாதர் அங்கிள் எத்தனை தரம் என்னிடம் கேட்டிருப்பார்! நீங்களும் திருத்தவில்லை. போட்டி நடத்தும் அமைப்பின் மிசிசாகா அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறவளாகச் சேர்ந்தேன். போட்டி அட்டவணை போட்டேன். பனி கொட்டுகிற நாளில் எந்த அணியின் பஸ் எங்கே சிக்கிக் கிடக்கிறது என்று தேடினேன். நடுவர்களோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் எந்த மாணவன் ஆடலாம், எவன் ஆடக்கூடாது என்று தீர்மானிக்கும் இடத்துக்கு வந்தேன். என்ன வேலை என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மச்சாளின் பிறந்தநாள் சாப்பாட்டில் என் முன்னால் வாயைத் திறந்திருக்க மாட்டீர்கள்.

ஆட்டிறைச்சிக் கறியை என் கோப்பையில் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: உவன் ஜோசுவா ரெண்டு பாடத்தை விட்டிட்டான், இப்ப எயார்போட் வேலையும் வொலிபோலும்தான் எண்டு. முழுநேரம் படிக்காதவன் கல்லூரி அணியில் ஆடக்கூடாது. உங்கள் மகன் ஆடிக்கொண்டிருந்தான்.

நீங்கள் ஊருக்குச் சொல்லும் கதையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கே காருக்குள் வைத்து அவனிடம் கெஞ்சினேன். நீயாப் போய் கோச்சிட்டைச் சொல்லு, நீ சொன்னா கொஞ்சத்தோடை போகும், நான் சொன்னா எல்லாம் போகும் என்றேன். மாமி, இட்ஸ் நொட் அ பிக் டீல், ஒருத்தரும் பாக்கமாட்டினம் என்றான். பார்க்கிறவளே நான்தான் என்று அவனுக்குத் தெரியும். மாமிதானே என்று நினைத்துவிட்டான். ஒரு கிழமை காத்திருந்தேன். மறுபடியும் ஆடினான். பிறகுதான் அறிவித்தேன். அவன் ஆடி அணி வென்ற ஆட்டங்களெல்லாம் தோல்வியாக மாற்றப்பட்டன, இறுதிச் சுற்றும் போயிற்று, பிள்ளை அறைக்குள் முடங்கினான். அது எனக்கு வலிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? அவனுக்கு ஞானத்தாய் நான்.

அப்போது அதே பொறுப்பாளர்களின் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று எனக்குக் கைதட்டினார்கள். அதை நம்பிய மடைச்சி நான். பதவிக்கு என் பெயர் வந்தபோது, சொந்த மருமகனையே விடாதவள் நாளைக்கு எங்களை விடுவாளா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். என்னோடு வேலை செய்யும் செரீனா கண்கலங்கச் சொன்னாள். கோயிலிலும் இப்போது நான் இரக்கமில்லாத கொன்பரன்ஸ். ஒருவரையொருவர் அறியாமலே எல்லோரும் ஒரே தீர்ப்புக்கு வந்துவிட்டீர்கள். வேலையை விட்டுவிட எனக்கு வசதியில்லை. புதிதாக வருகிறவருக்கு வேலை பழக்குவதும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

ஜோசுவா திரும்பவும் முழுநேரம் படிக்கிறான். இனி ஆடலாம் என்று கையெழுத்து வைத்ததும் நான்தான். அடுத்த சனிக்கிழமை முதல் ஆட்டம். நான் மண்டபத்தில் நிற்பேன், அது என் வேலை. பயப்பட வேண்டாம், உங்கள் பக்கம் வரமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சின்ன வயதிலிருந்து ஆட்டத்துக்கு இறங்குமுன் என் முன்னால் வந்து நெற்றியைக் காட்டுவான். பெருவிரலால் சிலுவை போட்டுவிடுவேன். ஆள் வளர்ந்து எனக்கு எட்டாமல் போன பிறகும் முழங்காலை மடித்துக்கொண்டு காட்டினான். சனிக்கிழமை அவன் வெறும் நெற்றியோடு இறங்கக்கூடாது. நீங்கள் போட்டுவிடுங்கள், அண்ணா. என் பேரைச் சொல்ல வேண்டாம்.

ஆண்டவர் என் பிள்ளையைக் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
கரோலின்